தொட்டுவிட்டுப் போங்கள்

1

போன வாரம் என் கொழுந்தனாரின் விரலைப் பிடித்துச் சூடான காப்பிக்குள் முக்கிவிட்டேன். "ஐயோ மதினி!" என்று அவர் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டு ரயில்வே கார்டு யாருக்கோ பாம்பு கடித்துவிட்டதென்று கம்போடு ஓடி வந்தார்.

நடந்தது இதுதான். கொழுந்தனார் ஊரிலிருந்து கப்பலேறி, போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தார். வேட்டி சட்டையை ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் வற்றலாகக் காய்ந்திருந்தது. காப்பி கொண்டுபோய் நீட்டினேன். "வேண்டாம் மதினி, இப்பத்தான் ஆச்சு" என்றார். எங்கே ஆச்சு? முகாமிலா? கண் என்னவோ தம்ளரை விட்டு நகரவில்லை.

ஊராக இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் "அட, சும்மா குடிங்க" என்பேன். அவர் "எதுக்கு மதினி வீண் சிரமம்" என்பார். நான் மறுபடியும் வற்புறுத்துவேன். "சரி, அரைத் தம்ளர்" என்பார். முழுத் தம்ளரும் காலியாகும். நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து ஆடி வருகிற ஆட்டம்தான் இது.

அன்றைக்கு எனக்கு அந்த ஆட்டம் வரவில்லை. "குடிக்காட்டி போங்க, தொட்டுட்டாவது போங்க!" என்று கையைப் பிடித்துவிட்டேன். என் மகள் கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். கொழுந்தனாருக்குத் தெரியாது. மலாயாத் தண்ணீர் மதினியின் மூளையைக் குழப்பிவிட்டது என்று இந்நேரம் ஊருக்குச் செய்தி போயிருக்கும். அவர் பேச்சு உங்கள் காதுக்கு வருமுன் என் பேச்சையும் கேட்டுவிடுங்கள்.

2

இப்போது நாங்கள் இருப்பது நாகரிகமான இடம். குழாயைத் திருகினால் தண்ணீர், பொத்தானை அமுக்கினால் விளக்கு, ஜன்னலைத் திறந்தால் ரயில் கரி. இதற்கு முன்னால் டெங்கில் என்கிற ஊர்ப் பக்கத்தில் சில வருஷம் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரோடு போடுகிற இலாகாவில் ஓவர்சியர். ரோடு எங்கே முடிகிறதோ அங்கே எங்கள் பலகை வீடு. ஒரு பக்கம் கூலி ஆட்களின் லயம், மறு பக்கம் சதுப்பு, அதற்குப் பின்னால் காடு. லயத்துப் பெண்கள் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓவர்சியரம்மா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிப் போவார்கள். ஒருத்தியும் உட்கார்ந்து பேசமாட்டாள். மரியாதையைத் தின்றுகொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? சுவரோடு பேச ஆரம்பித்திருந்தேன்.

அப்போதுதான் மேனா வந்தாள். முதுகில் பிரம்புக் கூடை, அதன் வார் நெற்றியில். கூடையில் காட்டு மொச்சை மாதிரி நாறுகிற பெத்தாய்க் காய்களும் தாழை ஓலைப் பாய்களும் இருந்தன. பின்பக்கப் படியில் கூடையை இறக்கியவள், விற்க வந்ததை மறந்துவிட்டு நான் மாவாட்டுவதையே பார்த்தாள். கல்லுக்குள் கல் சுற்றுகிற அதிசயம் அவளுக்குத் தாங்கவில்லை. அவளும் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மாவு சுவரில் போய் அடித்தது. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். என் மலாய் அப்போது அரைகுறை. அவளுடைய மலாயோ காட்டு வழியாக வந்த மலாய். அது போதுமானதாக இருந்தது.

அவள் தெமுவான் இனத்துப் பெண். சதுப்புக்கு அப்பால் அவர்களுடைய கம்பம், அதாவது சிற்றூர். பாசார்க் கடைத்தெருவில் எல்லோரும் அவர்களைச் 'சக்காய்' என்பார்கள். அடிமையைச் சொல்கிற வார்த்தையாம் அது. அந்தச் சொல்லைக் கேட்டதும் மேனாவின் முகம் சுருங்குவதை ஒருமுறை பார்த்தேன், அதோடு என் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டேன். என் வீட்டுக்காரரின் ரோடு வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை மை. "இங்க ஒரு ஊர் இருக்கே, டுரியான் தோப்பு இருக்கே, ரோடு அதுமேல போகுதே" என்று மேலதிகாரிகளுக்குக் கேட்டு எழுதினார். படத்தில் ஊர் இல்லாததால் அங்கே ஊர் இருக்க முடியாது என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு மனிதர் சத்தம் போடாமல் ரோட்டுக்கு அளந்து நட்ட குச்சிகளைப் பிடுங்கி, ரோட்டைத் தோப்புக்கு வெளியே கொஞ்சம் வளைத்து நட்டார். படத்தில் இல்லாத ஊருக்காக ரோடு வளைந்ததை இன்றுவரை எந்த அதிகாரியும் கவனிக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. வீட்டுக்காரர் பாலம் இடிந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மேனாதான் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் பச்சிலை வைத்தாள், கோமதிக்கு மரவள்ளி அவித்துக் கொடுத்தாள். நீ பிழைத்தது குயினைனாலா மேனாவாலா என்று வீட்டுக்காரர் இன்றும் கேலி செய்வார். மேனாவால்தான். குயினைன் ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லாது.

அவளிடம் ஒரே ஒரு பழக்கம்தான் எனக்கு ஆகாது. சமையல் வாசனை வந்தாலோ, "இன்னிக்குப் பாயசம்" என்று நான் வாய்தவறிச் சொன்னாலோ, கிளம்புமுன் எட்டிப் பானை விளிம்பில் ஒரு விரலை வைத்துவிட்டுத்தான் போவாள். நான் சுத்த சைவக் குடும்பத்தில், மடி ஆசாரத்தோடு வளர்ந்தவள். அவள் தலை மறைந்ததும் அந்தப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பேன். என் பாத்திரங்கள் அந்தக் காலத்தில் மின்னிய மாதிரி அப்புறம் மின்னியதே இல்லை.

3

காய்ச்சல் தெளிந்தபின் கோமதியைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி அவர்கள் கம்பத்துக்குப் போக ஆரம்பித்தேன். சதுப்பின்மேல் மரத்தண்டுகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதில் நடக்கப் பழகுவதற்குள் நான் விழாத இடம் இல்லை.

மூங்கில் கால்களின்மேல் நிற்கிற வீடுகள், மரப்பட்டைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. அடியில் கோழியும் நாயும். நம் ஊரில் 'காட்டுமனுஷர்' என்றால் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி நினைத்துக்கொண்டு போனவள்தான். போய்ப் பார்த்தால் சட்டமும் திட்டமும் நம்மைவிட ஜாஸ்தி. தலைவருக்குப் பாத்தின் என்று பெயர். மெலிந்த மனிதர், எப்போதும் வாயில் ஒரு சுருட்டு, எப்போதும் அணைந்த சுருட்டு. யாருக்காவது சண்டை வந்தால் அவர் முன்னால் உட்கார்ந்து பேசியே தீர்க்க வேண்டும். கை நீட்டக்கூடாது. தப்புச் செய்தவன் பீங்கான் தட்டு அபராதம் கொடுக்க வேண்டும். சின்னத் தப்புக்கு ஒரு தட்டு, பெரிய தப்புக்கு அடுக்கு. நல்லவேளை, நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை. இருந்தால் என் புகுந்த வீட்டில் சாப்பிட வாழை இலைதான் மிஞ்சியிருக்கும்.

காட்டில் ஒரு சரிவை வெட்டி எரித்து மலைநெல் விதைப்பார்கள். ஆண்கள் வரிசையாகக் கூர்க்கம்பால் குழி குத்திக்கொண்டே முன்னால் போக, பெண்கள் பின்னாலேயே விதையைப் போட்டுக்கொண்டு, முன்னால் போகிறவனின் நடையைக் கிண்டல் செய்துகொண்டு போவார்கள். இன்று உன் நிலம், நாளை என் நிலம், யாருக்கும் கூலி கிடையாது. ஆண்கள் பிரம்பும் குங்கிலியமும் கொண்டுவருவார்கள். சீன வியாபாரி ஒருவர், தவுக்கே என்பார்கள், வந்து உப்பும் புகையிலையும் துணியும் கொடுத்து வாங்கிக்கொள்வார். டுரியான் மரங்களுக்கு நட்டவர்களின் பெயர். மேனாவுக்கு அவள் தாயார் வழியில் வந்த மரங்கள் இருந்தன, புருஷன் அவள் வீட்டுக்கு வந்து இருந்தான். ஏதாவது பேச்சு வந்தால், "என் மரத்துப் பழம்தானே தின்கிறாய்" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே தின்பான். இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது எங்கள் ஓவர்சியர் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பிள்ளைகளை அடிக்கமாட்டார்கள், உரக்க அதட்டக்கூட மாட்டார்கள். வேட்டை கிடைத்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. அடித்தவனுக்கும் அதே அளவுதான், படுத்துத் தூங்கியவனுக்கும் அதே அளவுதான். "அது எப்படி நியாயம்?" என்று நான் கேட்டதற்கு மேனா என்னையே திருப்பிக் கேட்டாள்: "வாசனை எல்லா வீட்டுக்கும் போகுதே, கறி போகாட்டி எப்படி?" நான் கறி தின்னாதவள், எனக்கு இதற்குமேல் வாதாட உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

4

எழுதிக்கொண்டிருக்கும்போதே கோமதி வந்து, "மம்மி, என்னப்பத்தி எழுதுறீங்களா?" என்று எட்டிப் பார்க்கிறாள். கான்வென்டில் சேர்த்ததிலிருந்து நான் மம்மி. பின்னலைப் பாதியாக வெட்ட வேண்டுமென்று ஒரு மாதமாகச் சத்தியாக்கிரகம் செய்கிறாள். அவள் தமிழில் எழுதினால் எழுத்துகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். அவளோடு பேசினால் ஒரு வாக்கியம் இங்கிலீஷில் தொடங்கி, நடுவில் மலாய்க்குப் போய், கடைசியில் 'லா' என்று முடியும். ஊரிலிருந்து என் நாத்தனார், "பெண்ணுக்குத் தேவாரம் வருமா?" என்று விசாரிக்கிறாள். வரும். தூக்கம் வரும், நான் பாடினால்.

ஆனால் எதைக் கொடுத்தாலும் ஒரு தடவை கேட்டதுமே வாங்கிக்கொள்வாள், இல்லையென்றால் விரலால் தொட்டுவிட்டு நகர்வாள். விருந்தாளிகள் இதைப் பார்த்து, பெண்ணுக்குக் கூச்சமே இல்லை என்று கிசுகிசுப்பார்கள். இதைக் கற்றுக்கொண்டது கான்வென்டில் இல்லை.

5

டெங்கிலில் இருந்தபோது ஒருமுறை, புது நெல் விருந்து என்று மேனா கூப்பிட்டாள். விடியுமுன் பச்சைத் தண்ணீரோடு கிளம்பிவிட்டேன். கம்பம் முழுவதும் கூடியிருந்தது. மூங்கில் குழாய்களைக் கட்டையில் இடித்து ஒரு பாட்டு. கோமதி அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாகக் காணாமல் போய்விட்டாள். பசியில் எனக்குக் காது அடைத்தது.

மேனா என் முன்னால் இலை போட்டாள். எனக்கென்றே புது மூங்கிலை வெட்டி, கறி வெந்த நெருப்புக்கு எட்டத்தில் தனி அடுப்பு மூட்டி, அதில் புதுச் சோறு வேகவைத்திருந்தாள். பக்கத்தில் மரவள்ளியும் தேனும். வாயெல்லாம் எச்சில். என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார்ந்து தின்றிருக்க வேண்டும். நானோ தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். "வேண்டாம் மேனா, வயிறு நிறைஞ்சிருக்கு" என்றேன். சொல்லிவிட்டு, அடுத்த உபசாரத்துக்காக முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தேன்.

அடுத்த உபசாரம் வரவில்லை. மேனாவின் முகம் செத்துப்போயிற்று. மறுபேச்சுப் பேசாமல் இலையை எடுத்துக்கொண்டாள். போயிற்று! போயே போயிற்று! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கூப்பிட்டு வைத்து, ஒரு வார்த்தை 'சாப்பிடு' என்று மறுபடி சொல்லக்கூடாதா?

அதற்குள் அவள் புருஷன் ஒரு கொட்டாங்கச்சியை என் முன்னால் நீட்டினான். விருந்தில் இருந்த எல்லாவற்றிலும் கொஞ்சம் அதில் இருந்தது. மேலே, கொழுப்போடு, காட்டுப்பன்றிக் கறி. நான் பின்வாங்கினேன். அவன் இன்னும் கிட்டே நீட்டினான். எல்லோரும் ஒரே சமயத்தில் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துக் கோமதி எங்கிருந்தோ வந்து, வெகு சகஜமாக அதை நோக்கி விரலை நீட்டினாள். பன்றிக்கறி! என் வீட்டுப் பெண்! பளாரென்று கையைத் தட்டிவிட்டேன். படாத விரலைப் பட்டது மாதிரி முந்தானையால் துடைத்தேன். அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.

மரத்தண்டுப் பாதையில் பாதி தூரம் வந்திருப்பேன். பின்னால் கூச்சல். திரும்பிப் பார்த்தால் கம்பமே ஓடி வருகிறது! ஆண்கள் இடுப்பில் பராங் கத்தி, அது எந்நேரமும் இடுப்பில் இருப்பதுதான், ஆனால் அந்த நேரத்தில் அந்தப் புத்தி எனக்கு எங்கே வரும்? முன்னால் மேனா, கையில் அந்தக் கொட்டாங்கச்சி. "நந்தி! நந்தி!" என்று கத்துகிறார்கள். மலாயில் அதற்குப் 'பொறு' என்று அர்த்தம். சிவன் கோவில் நந்தியே எதிரில் வந்து சொல்லியிருந்தாலும் நான் பொறுத்திருக்கமாட்டேன். கோமதியை இடுப்பில் தூக்கினேன். "அம்மா, விடுங்கம்மா, அவங்க ஒண்ணும் செய்யமாட்டாங்கம்மா" என்று அவள் திமிறத் திமிற ஓடினேன். ஒரு செருப்பு சதுப்புக்குப் போயிற்று. முழங்கால் அளவு சேற்றில் இரண்டு முறை விழுந்து எழுந்தேன்.

ரோட்டில் கங்காணி மாடசாமி ஆட்களோடு கல் பரப்பிக்கொண்டிருந்தார். மாடசாமிக்கு ஆறடி உயரம், கோட்டு, தலைப்பாகை, எதற்கெடுத்தாலும் வீரம். சேறும் சகதியுமாக நான் வந்து விழுந்ததையும் பின்னால் வந்த கூட்டத்தையும் பார்த்தாரோ இல்லையோ, "டேய்! நம்ம அம்மாவத் தொரத்துறானுகடா! எடுங்கடா சங்குல!" என்றார். சங்குல் என்றால் அங்கே மண்வெட்டி. அத்தனை மண்வெட்டிகளும் மேலே எழும்பின. தெமுவான்கள் காட்டோரம் அப்படியே நின்றார்கள். மேனா மட்டும் நிற்காமல், தொடைவரை சேறோடு, கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். யாரோ ஒருவன் கல்லெறிந்தான். கல் கொட்டாங்கச்சியில் பட்டு அது சிதறிப்போயிற்று.

மேனா கல் வந்த திசையைப் பார்க்கவில்லை. கீழே கொட்டியதைப் பார்த்தாள், பிறகு கோமதியைப் பார்த்தாள். குனிந்து சிந்தியதை அள்ளினாள். நான் நெற்றிச் சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் காட்டோரத்தில் ஒருவரும் இல்லை. "அம்மா, இனிமே ஒரு பய இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டான்" என்றார் மாடசாமி. நான் அவருக்கு நன்றி சொன்னேன். நன்றி!

6

சாயங்காலம் வீட்டுக்காரர் லோரியில் வந்து இறங்கினார். நான் சொன்ன கதையை நின்றுகொண்டே கேட்டார். கோமதி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"தின்னச் சொல்லலம்மா. தொட்டாப் போதும். மேனாக்கா வீட்டுல நான் எப்பவும் தொட்டுட்டுத்தான் வருவேன். கண்ணால பாத்த சாப்பாட்டைத் தொடாமப் போனா, அந்தப் பசி நம்ம கூடவே வருமாம். அப்புறம் பாம்பு கடிக்கும், மரம் மேல விழும், புலி வரும். அதான் எனக்குத் தொடக் குடுக்க ஓடி வந்தாங்க. நீங்க ஓடிட்டீங்க."

அப்படியென்றால் என் பானை விளிம்பில் வைத்த விரல்? இத்தனை வருஷமும் நான் சாம்பல் போட்டுத் தேய்த்தேனே! வீட்டுக்காரர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவங்க சண்டைக்கு வர்ற ஜனம் இல்ல. பயம் வந்துட்டா கிளம்பிடுவாங்க" என்றார்.

"எங்க?"

"உள்காட்டுக்கு. விதைச்சதையும் தோப்பையும் விட்டுட்டுப் போயிருவாங்க. அப்புறம் நீயும் நானும் வருஷக்கணக்காத் தேடினாலும் ஒரு ஆள் கண்ணுல படமாட்டாங்க."

ரோடு தெரியாது, இலாகா தெரியாது, எனக்கு மேனா போகக்கூடாது. அந்த அத்துவானத்தில் என்னை 'அம்மா' என்று கும்பிடாமல், 'வா' என்று கூப்பிட்ட ஒரே மனுஷி அவள். இருட்டில் போக வழியில்லை. விடிகிறவரை அழுதுகொண்டும் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டும் இருந்தேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லைதான், ஆனால் திட்டுவதற்கு வேறு யார் இருந்தார்கள்?

வெளுத்ததும் கிளம்பினோம். நான், அவர், கோமதி, கூடவே மாடசாமி. "எறிஞ்சவன் நான் இல்லீங்கய்யா" என்றார் மாடசாமி. "எடுங்கடான்னது யாருவே?" என்று இவர் கேட்டதும் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

நாங்கள் போனபோது கம்பம் மூட்டை கட்டியிருந்தது. பாய்கள் சுருட்டி நின்றன, கோழிகள் பிரம்புக் கூண்டுக்குள் கத்தின, பிள்ளைகள் முதுகில் ஏறிவிட்டார்கள். மேனா கூடை வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்தாள். கூடைக்குள் அவள் வீட்டுச் சோற்றுப் பானை தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் கூடையோடேயே ஓடி வந்து, என்னை ஏறிட்டும் பார்க்காமல், கோமதியின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். கணுக்கால், முழங்கை, தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால்.

"பாம்பு?" என்றாள்.

"இல்ல."

"பூரான்?"

"இல்லக்கா. ஒண்ணும் கடிக்கல."

மேனா மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இந்தப் பக்கம் நானும் அழுதேன். பாத்தின் அணைந்த சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் ஓவர்சியரிடம் சொன்னார்: "கல்லுக்காகப் போகல, துவான். கல்லு படாமப் போச்சு. எங்க சோத்தைப் பாத்துட்டுத் தொடாமப் போச்சே குழந்தை, அதுக்குத்தான் பயம். இன்னும் அந்தப் பசி அது பின்னாலயேதான் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா எங்க முகத்தை எங்க கொண்டுபோய் வைக்க?"

மேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். நேற்று ரோட்டில் அள்ளியது. சோறு, கொஞ்சம் மண், அதே பன்றிக்கறி. கோமதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தொட்டாள். பிறகு இலை என் முன்னால் வந்தது.

வீட்டுக்காரர் மெதுவாகத் தமிழில், "உனக்கு முடியாட்டி வேண்டாம்ளா, நான் எடுத்துச் சொல்லுதேன்" என்றார். பக்கத்தில் மாடசாமி. அவர் பார்த்தால் லயம் பார்த்த மாதிரி, லயம் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. ஆனால் எதிரில் மேனாவின் கண்ணும் கூடையில் அந்தப் பானையும் இருந்ததே! விரலை நீட்டி நன்றாக அழுத்தியே தொட்டேன். கொழுப்பு ஜில்லென்று இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. கூடியிருந்த அத்தனை பேரும் விட்ட மூச்சுதான் கேட்டது.

"அம்மாவே தொட்டுட்டீங்களா!" என்றார் மாடசாமி. அடுத்து இலை அவரிடம் போயிற்று. ஆறடி உயரமும் ஓரடி பின்னால் போயிற்று. "நான் ஆடு கோழி திங்கிறவன்தான் பாத்தின், ஆனா பன்னி நம்ம வகையறாவுல..." என்று இழுத்தார். பாத்தின் இலையை நீட்டியபடியே நின்றார். மாடசாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தால் ஒரு சோற்றுப் பருக்கையின் ஓரத்தைத் தொட்டார். ஊரே சிரித்தது. சங்குல் தூக்க வைத்ததற்கு அவருக்கு ஒரு தட்டு அபராதம், விருந்தாளிக்கு வழக்கத்தைச் சொல்லித் தராததற்கு மேனாவுக்கு ஒரு தட்டு அபராதம் என்று பாத்தின் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்.

சிரித்தாலும் யாரும் மூட்டையை அவிழ்க்கவில்லை. மேனா வழிக்கென்று கட்டி வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கை எடுத்தாள். என்னிடம் நீட்டி, "சாப்பிடுறியா?" என்றாள். ஒரே ஒரு தடவை.

பழக்கதோஷம், என் வாய் "வே..." என்று ஆரம்பித்தது. மேனாவின் கை பாதியில் நின்றது. பாத்தின் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். கோமதி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"குடுடி" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன், அவளுக்கு விளங்கியது. நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வயிறு. நின்றபடியே, விக்க விக்க, அத்தனை பேர் முன்னாலும் தின்றேன். நான் தின்பதை மேனா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி அவள் காதில் ஏதோ சொன்னாள். மேனா நம்பாதவள் மாதிரி, "நிஜமாவா?" என்றாள். கோமதி, "நிஜமா, எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்" என்றாள்.

மேனா கூடையை இறக்கினாள். பானையை வெளியே எடுத்து அடுப்புக் கல்லின்மேல் வைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ கோழிக் கூண்டைத் திறந்துவிட்டார்கள். அவள் இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நேராக நின்றாள்.

"இன்னும் வேணுமா?"

நிஜமாகவே வயிறு நிறைந்திருந்தது. "வேண்டாம் மேனா."

"இன்னும் வேணுமா?"

"போதும், மேனா."

பாவம், அவள் முகம் வேர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒருவரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கோமதியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், மூச்சை இழுத்துக்கொண்டாள், மூன்றாம் முறையும் கேட்டாள்.

"போடு" என்றேன்.